பூனைப் பாட்டுக்குச் சான்று

ஊர் கெட்டுப்போவதற்குக் காரணம் கலைதான் என்று ஒருநாள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐந்து மாடியில் ஒரு கட்டடம் எழுப்பி, ‘கலை ஒழுக்க விளைவு வாரியம்’ என்று பலகை மாட்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வேலைக்கு வைத்தார்கள். ஒரு பாட்டோ படமோ நாடகமோ, ஏன், சுவரில் கிறுக்கிய கோடோகூட மனிதனை உயர்த்தும் அல்லது தாழ்த்தும், மூன்றாவதாக ஒன்றும் செய்யாது என்பது வாரியத்தின் அடிப்படைக் கொள்கை. எதைச் செய்கிறது என்று அளந்து சான்று கொடுப்பது அவர்கள் வேலை. அளக்கிற கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரையே கோலுக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவரும் கேட்பதில்லை.

இந்த வாரியத்தின் படியை மிதிக்கும் தலையெழுத்து அடுப்புக்காரருக்கு வந்திருக்க வேண்டியதில்லை. அவர் முப்பத்து நான்கு வருடமாக கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். பர்னர் ஓட்டையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வது, ட்யூபை மாற்றுவது, குமிழைத் திருகிப் பார்ப்பது, “இனிமே நல்லா எரியும்மா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குவது, இவ்வளவுதான் அவர் உலகம். கலை என்று அவரிடம் இருந்ததே மொத்தம் நாலு வரி.

பக்கத்து வீட்டுப் பூனை வந்து
பாலைக் குடிச்சிட்டுப் போச்சு,
பாவம்னு விட்ட எம்பொண்டாட்டி
பாத்திரத்த நக்கியாச்சு.

கல்யாணமான மூன்றாம் மாதம், பாலில் படிந்திருந்த ஆடையை இவர் திருட்டுத்தனமாக வழித்துத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழியைப் போட்டார். மனைவி நம்பவில்லை. தப்பிப்பதற்காக நின்ற இடத்திலேயே இட்டுக்கட்டிய பாட்டு அது. நாலாவது வரி முடிந்ததும் அவள் “நக்குனது நீ” என்று சொல்லி முதுகில் ஒரு அடி வைத்தாள். அதிலிருந்து அந்த அடியோடுதான் பாட்டு முடியும். முப்பத்தொரு வருடம் இருவரும் இந்தக் கூத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மனிதர் யாருக்கும் அது தெரியாது, தெரிந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி வைத்த இடம், அப்புறம் தெருவின் பெயர், அப்புறம் வெளியூரில் இருந்த மகளின் பெயர். ஒருநாள் கதவைத் திறந்து, பையோடு நின்ற புருஷனைப் பார்த்து, “வீட்டுக்காரர் இல்லீங்க. அடுப்பு நல்லாத்தான் எரியுது, அப்புறமா வாங்க” என்றாள். தொழிலைச் சரியாகச் சொன்னவளுக்கு ஆளைத் தெரியவில்லை. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று புரியாமல், வேறு எதுவும் வாயில் வராமல், பூனைப் பாட்டைப் பாடினார்.

“நக்குனது நீ” என்றாள் அவள். முதுகில் அடி விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நீண்டநாள் நோயாளிகள் வார்டில் சேர்க்கும்படி ஆயிற்று. தினமும் நாலிலிருந்து ஆறு வரை பார்க்கலாம். அவர் போய், கட்டில் பக்கத்தில் குனிந்து பாட்டைப் பாடுவார். அடி விழும். அதன்பின் கால்மணி நேரம், சில நாள் இருபது நிமிடம், அவருக்கு மனைவி கிடைப்பாள். “சாப்டியா? சட்டைக்குப் பொத்தான் எங்க போச்சு?” என்று கேட்பாள். பிறகு கண்ணில் இருந்த வெளிச்சம் போய், அவர் மறுபடியும் அடுப்பு ரிப்பேர்காரர் ஆகிவிடுவார்.

“இந்த ஒரு இழைதான் மிச்சம் இருக்கு” என்றார் டாக்டர். “தினமும் பிடிச்சிட்டே இருந்தா கொஞ்ச காலம் நிக்கும். நடுவுல விட்டீங்கன்னா திரும்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

இது சொல்லி இரண்டாம் வாரம் வார்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சான்று பெறாத கலைக்கு உள்ளே அனுமதி இல்லை. நோட்டீஸோடு ஒரு ஸ்டூலும் வந்தது, ஸ்டூலோடு ஒரு ஆளும் வந்தார். அவர் பதவியின் பெயர் கேட்பாளர். காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் பணி.

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, பாடுனா நானே நின்னு கேப்பேன்” என்றாள் நர்ஸ். “ஆனா மாட்டுனா என் வேலை போயிடும்.”

அடுப்புக்காரர் ஒருநாள் மனைவியின் காதோடு காதாக முணுமுணுத்துப் பார்த்தார். கேட்பாளர் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் வார்டுக்குள் வரத் தடை. அந்த ஏழு நாளும் அவர் நாலு மணிக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினார். எட்டாம் நாள் காலை வாரியத்துக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் முதல் மேசைக்காரர் நிமிராமலே கேட்டார். “என்ன கலை?”

“பாட்டுங்க.”

“உயர்த்துமா, தாழ்த்துமா?”

“அத பாடுனா என் பொண்டாட்டிக்கு என்னை அடையாளம் தெரியும் சார்.”

“அது கட்டத்துல இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“உயர்த்தும்னே போட்டுக்கங்க.”

“எவ்வளவு?”

அடுப்புக்காரர் யோசித்தார். “அவ படுத்திருப்பா சார். பாடுனா எந்திரிச்சு உக்காருவா. ஒரு ரெண்டடி இருக்கும்.”

மேசைக்காரர் ‘இரண்டு அடி’ என்று எழுதிக்கொண்டார். ஃபாரத்தில் நாற்பத்தாறு கேள்விகள். பதினேழாவது, பாட்டில் வரும் பூனையின் உரிமையாளரிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கப்பட்டதா என்பது. அந்த வீட்டுக்காரர்கள் போன இடம் தெரியாது என்றும் பூனை செத்து இருபத்தைந்து வருடமாவது இருக்கும் என்றும் இவர் சொன்னார். பூனைக்கு வாரிசு உண்டா என்று அவர் கேட்டார். குட்டிகள் இருந்தன, எங்கே போயின என்று தெரியாது என்றார் இவர். ‘வாரிசுகள் தலைமறைவு’ என்று பதிவாயிற்று.

பத்து நாள் கழித்து நிபுணர் குழு கூடியது. மூன்று பேர். முதல் நிபுணர், பூனை திருடுகிறது, ஆனால் தண்டனை இல்லை, இதைக் கேட்கும் திருடர்களுக்கு இது வரவேற்புப் பத்திரம் போல இருக்கிறது என்றார். இரண்டாமவர் ‘பாவம்’ என்ற சொல்லில் ஊன்றிக்கொண்டார். குற்றவாளியிடம் இரக்கம் காட்டும் இல்லத்தரசியை ஒரு பாட்டு முன்னிறுத்தினால் நாளைக்குப் போலீஸ் எதற்கு என்று கேட்டார். மூன்றாமவர் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. நாற்பது நிமிடம் பேசிவிட்டு அடுப்புக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

“ஐயா, நீங்களே சொல்லுங்கள். ஒரு சமுதாயம் பாத்திரத்தை நக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்?”

“கழுவுற தொட்டியிலங்க” என்றார் அடுப்புக்காரர். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

ஆணவமான பதில் என்று குறிப்பெழுதி, கள ஆய்வுக்குப் பரிந்துரைத்தார்கள். படைத்தவர் உயிரோடு இருந்தால் அவரே பாட வேண்டும், இருபது நாள், ஒரு நாளைக்கு நாற்பது தடவை, தடவைக்கு நாற்பது கேட்போர். அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

பாடுவதற்கு முன் அவரைக் குரல் சமன் அதிகாரியிடம் அனுப்பினார்கள். விளைவு பாட்டினால் வருகிறதா, பாடுகிறவரால் வருகிறதா என்று குழப்பம் வரக் கூடாது அல்லவா? அதனால் பாடுகிறவரைப் பாட்டிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். எடுப்பதுதான் அந்த அம்மையாரின் வேலை. பொறுமைசாலி, கடுமையாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

“பூனை வர்றப்ப உங்க புருவம் மேல போகுது. இறக்குங்க.”

இறக்கினார்.

“பொண்டாட்டின்னு சொல்றப்ப குரல்ல ஒரு சிரிப்பு வருது.”

“அது தானா வருதுங்க.”

“வரக் கூடாது. கை ரெண்டையும் தொடை மேல ஒட்டி வைங்க. கடைசி வரி முடிஞ்சதும் எதுக்கு முதுக வளைக்கிறீங்க?”

“அங்க ஒரு அடி விழும்மா.”

“இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. நேரா நில்லுங்க.”

நாலு நாளில் அவர் நேராக நின்றார். முன்னேற்றம் திருப்திகரம் என்று அம்மையார் கையெழுத்துப் போட்டார்.

சோதனை இப்படி நடக்கும். நாற்பது பேர் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு நடை வழியாக வெளியே போவார்கள். நடையில் ஒரு பெஞ்சின் மேல் யாருடையதோ என்பது போல ஒரு குடை கிடக்கும். பாட்டு மனிதனை உயர்த்தினால் அவன் குடையை எடுத்து அலுவலரிடம் ஒப்படைப்பான். தாழ்த்தினால் கிளப்பிக்கொண்டு போவான். அவரவர் சோலியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று வாரியம் யோசிக்கவில்லை. பன்னிரண்டு நாள் அதுதான் நடந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் குடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளைவில்லாத கலையைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லாததால் ஆய்வு மாடிகளில் பதற்றம் பரவியது.

சோதனை ஐந்தரை வரை இழுக்கும். அடுப்புக்காரர் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்து நிமிடம் கிடைக்கும். பாட முடியாது. கையைப் பிடித்தால் அவள் நாகரிகமாக விலக்கிக்கொள்வாள். “டீ குடிச்சீங்களா? வீட்டுக்காரர் வந்துருவார், அவரும் உங்க தொழில்தான்” என்பாள். இழை அறுந்துவிட்டதா, இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. ஒருநாள் நர்ஸிடம், “இன்னும் எட்டு நாள்தான்மா. அவகிட்ட எதாவது பேசிட்டே இரு, தூங்க விட்றாத” என்று ஏதோ உயிரே போய்க்கொண்டிருப்பது போலச் சொன்னார். அவர் அளவில் அது உண்மைதான்.

பதின்மூன்றாம் நாள் மழை கொட்டியது. மூன்று மணிக்குப் பெஞ்சைப் பார்த்தால் குடையைக் காணோம். ஆய்வு மாடியில் கைதட்டினார்கள். விளைவு கிடைத்துவிட்டது. எடுத்தது யார் என்று விசாரித்ததில் வாரியத் தலைவர் என்று தெரிந்தது. தலைவர் காருக்குப் போகிற அவசரத்தில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

வேறு இடமாக இருந்தால் இந்த இடத்தில் தலைவருக்கு வெட்கம் வந்திருக்கும். இங்கே சிறப்புக் கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்து நின்று, கண் கலங்க, இப்படிப் பேசினார்.

“அன்பர்களே, குடையை எடுத்தது என் கை. நான் மறைக்கவில்லை. ஆனால் என் கையை எடுக்க வைத்தது எது? அந்த நேரத்தில் சுவருக்கு அப்பால் அந்தப் பூனைப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக நான் கலையின் தீங்குகளை என் உடம்பிலேயே வாங்கி வருகிறேன். ஓர் ஓவியத்தைப் பார்த்துத்தான் என் தம்பியின் வீட்டை என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு நாடகத்தின் இரண்டாம் காட்சியினால் என் மைத்துனரை இங்கே துணைத்தலைவராக நியமிக்க நேர்ந்தது. ஒரு புல்லாங்குழல் ஓசை கேட்ட வாரம் முழுவதும் அலுவலகத்துக்கே வரவில்லை. இத்தனைக்கும் நான் பிறவியிலேயே நல்லவன், என் தாயாரைக் கேட்டுப் பாருங்கள். என்னையே இப்படி ஆட்டி வைக்கும் கலை சாமானியனை என்ன பாடு படுத்தும்? நல்ல கலை உங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல கலையால் எனக்கு இதுவரை எதுவுமே நேர்ந்ததில்லை. ஒரு கலை நல்லது என்று நாம் கண்டுகொள்வதே அப்படித்தான்.”

அவை எழுந்து நின்று கைதட்டி, பாட்டு தாழ்த்தும் என்று முடிவுகட்டித் தடை செய்தது. மைத்துனர் உட்காரவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் அடுப்புக்காரர் தலைவரின் அறை வாசலில் காத்திருந்து, அவர் வெளியே வந்ததும் காலில் விழுந்தார். வாழ்க்கையில் யார் காலிலும் விழுந்தவரில்லை.

“ஐயா, அந்தக் குடைய நானே எடுத்தேன்னு எழுதிக்கங்க. பாட்ட எப்படி வேணும்னாலும் மாத்திக்கங்க. எனக்கு அவகிட்ட பாடணும் ஐயா, அவ்வளவுதான். நாள் போயிட்டே இருக்கு. அவ என்னை மறந்துட்டே இருக்கா.”

“எழுந்திருங்கள்” என்றார் தலைவர். அவர் கொடுமைக்காரர் இல்லை. உண்மையிலேயே மனம் இளகிவிட்டது. அதை அவர் கவனித்து, பயந்து, நடையில் எங்காவது பாட்டுச் சத்தம் கேட்கிறதா என்று உதவியாளரைப் பார்த்துவரச் சொன்னார். பிறகு, “திருத்தப் பிரிவுக்கு நானே சொல்கிறேன்” என்றார்.

திருத்தப் பிரிவு ஒன்பது நாளில் பாட்டைத் திருத்தியது.

அயல்வீட்டுப் பூனை வந்து
அனுமதி கேட்டு நின்றது,
அளவறிந்து இல்லத்தரசி
அருந்திடப் பால் தந்தனள்.

பாத்திரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அது தானே சுத்தமாக இருக்கும் என்று அனுமானிக்கப்பட்டது. இந்தப் புதுப் பாட்டு பழைய பாட்டைவிட எவ்வளவு உயர்த்துகிறது என்று ஒப்பிட்டால்தான் சான்றில் எண் போட முடியும். அதனால் இருபது நாள், பழையது இருபது தடவை, புதியது இருபது தடவை, தினமும் மாறி மாறிப் பாட வேண்டும் என்றார்கள். தடை செய்த பாட்டை எதற்குப் பாட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, “நோய் இல்லாம மருந்த எப்படி சார் சோதிக்கிறது?” என்று ஆய்வு உதவியாளர் திருப்பிக் கேட்டார்.

அவர் பாடினார். கையைத் தொடையில் ஒட்டி, புருவத்தை இறக்கி, பூனை வந்தாலும் பொண்டாட்டி வந்தாலும் ஒரே குரலில், அடி எதையும் எதிர்பார்க்காமல், நேராக நின்று பாடினார். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு தடவை தொண்டை அடைத்தது. அவை கணக்கில் சேராது என்று நீக்கிவிட்டார்கள். இரண்டாம் வாரத்தில் அடைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் பாடும்போதே பர்னருக்கு எந்த அளவு ஊசி என்று வேறு யோசனை ஓடிற்று. புதுப் பாட்டைக் கேட்ட நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேர் தூங்கினார்கள். தூங்குகிறவன் திருடுவதில்லை, பொய் சொல்வதில்லை, பிறன்மனை நோக்குவதில்லை. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு நல்ல விளைவு பதிவானதில்லை என்று அறிக்கை சொன்னது.

விண்ணப்பம் கொடுத்து எண்பத்தோராவது நாள் சான்று கையில் கிடைத்தது. கெட்டியான தாள், மூன்று முத்திரை. முதல் மேசைக்காரரே எழுந்து நின்று கொடுத்தார். “அதிர்ஷ்டசாலி சார் நீங்க. சில பேர் வாழ்நாள் பூரா அலைவாங்க.”

அன்று அவர் நாலு மணிக்கே வார்டில் இருந்தார். சவரம் செய்து, சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்து, சான்றைக் கேட்பாளரிடம் காட்டினார். கேட்பாளர் மூன்று முத்திரையையும் எண்ணிப் பார்த்து, ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார். மனைவி தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுப் பாட்டைப் பாடினார்.

அவள் மரியாதையாகக் கேட்டாள். “நல்லாயிருக்குங்க” என்றாள். “பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததா?”

அவர் கதவைப் பார்த்தார். வாசலில் நின்ற நர்ஸ் அவரைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கேட்பாளரைக் கூப்பிட்டு, ஸ்டோர் ரூமில் யாரோ விசில் அடிக்கிறார்கள் என்றாள். கேட்பாளர் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“சீக்கிரம் பாடுங்கண்ணே” என்றாள் நர்ஸ்.

அடுப்புக்காரர் பழைய பாட்டைப் பாடினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. பூனை வந்தது, பாலைக் குடித்தது, போனது. அவள் தலையைத் திருப்பினாள், நெற்றி சுருங்கியது, ஒவ்வொரு வரிக்கும் உதடு லேசாக அசைந்தது. இருந்தது, இழை இருந்தது. நாலாவது வரி முடிந்தது. அவர் காத்திருந்தார்.

அடி விழவில்லை.

தன் இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருப்பதையும் முதுகு நிமிர்ந்திருப்பதையும் அப்போதுதான் அவர் பார்த்தார். கைகளைப் பிரித்தார். மறுபடியும் பாடினார். சிரிக்க முயன்றார், உதடு மட்டும் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை பாடினார். எங்கே ஏறி எங்கே இறங்கும், பொண்டாட்டி என்னும்போது அந்தச் சிரிப்பு எங்கிருந்து வரும், எதுவும் நினைவுக்கு வரவில்லை. முப்பத்தொரு வருடம் தானாக வந்ததை இப்போது எங்கே போய்த் தேடுவது? அழுதுகொண்டே நாலாம் தடவை பாடினார். அழுகைகூட அந்தக் குரலுக்குள் நுழையவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது இப்படிப் பாடுறது இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் பாடணும், அப்பத்தான் இது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க ஆபீஸ்லருந்து வர்றீங்களா?”

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அழாதீங்க. எழுதிக் குடுத்ததத்தானே பாட முடியும், உங்க மேல என்ன தப்பு? அவர் வர்ற நேரம்தான். அந்த நாற்காலி அவருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வந்ததும் பாடச் சொல்றேன், நீங்களும் கேட்டுட்டுப் போகலாம்.”

அடுப்புக்காரர் எழுந்து நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, கால்மாட்டில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஆறு மணி வரை இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.